மஞ்சள் கோடு

எங்கள் பட்டறையில் ஒரே ஓர் அறைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே இருப்பது சாமி இல்லை, குழாய். நிக்கல் குழாய். அந்த அறைக்கென்று தனி ரப்பர் செருப்பு, தனிக் கையுறை, தனி அரைக்கும் கல், தனி பிரஷ். இரும்புப் பக்கம் ஒரு தடவை தேய்த்த பிரஷ் அந்த வாசலைத் தாண்டினால் பெரிய இன்ஜினியர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "மாமியார் வீட்டுலகூட இவ்வளவு மரியாதை கிடைக்காதுப்பா" என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அந்தப் பட்டறையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன். அந்தக் குழாயையும் அதை ஒட்டுகிற வெல்டிங் கம்பியையும் பூட்டி வைத்து, எண்ணிக் கொடுத்து, மிச்சத் துண்டைத் திருப்பி வாங்கி வைப்பது என் வேலை. அதனால் எனக்குச் சிரிப்பு வராது.

வெறும் நிக்கல் இல்லை அது. குரோமியம், மாலிப்டினம் என்று என்னென்னவோ சேர்ந்த கலவை. இரும்பைச் சில நாளிலேயே கரைத்துக் குடித்துவிடுகிற கொதிக்கும் அமிலம் இதற்குள் வருஷக்கணக்கில் ஓடும், உள்சுவரில் ஒரு கீறல் விழாது. சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடுகிற உப்புத் தண்ணீரும் இதனிடம் வாலாட்டாது. விமான இன்ஜினுக்குள் நெருப்பிலேயே சுற்றுகிற தகடு, கடலுக்கு அடியில் கிடக்கிற வால்வு எல்லாம் இந்த வகையறாதான். அப்பேர்ப்பட்ட சூரனுக்கும் ஒன்று ஆகாது, கந்தகம். கிரீஸோ பெயின்டோ மெழுகுக் கட்டியோ, கந்தகம் கலந்த ஏதாவது ஒட்டியிருக்கும்போது வெல்டிங் சூடு பட்டால் போச்சு. உள்ளுக்குள்ளே மயிரிழையாகக் கீறிக்கொள்ளும். மேலே பளபளவென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும்.

அந்த அறையில் வெல்டிங் போடுகிறவளை எல்லோரும் நிக்கலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான். இரும்பு உருகினால் தண்ணீராக ஓடும். நிக்கல் ஓடாது, கெட்டித் தேன் மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி அதைக் கூட்டிப்போக வேண்டும். அவசரக்காரனுக்கு அந்த வேலை வரவே வராது. எத்தனையோ பேர் வந்து கையைச் சுட்டுக்கொண்டு இரும்புப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். அவள் மட்டும் நின்றாள். முடித்த ஒவ்வொரு ஒட்டுக்குப் பக்கத்திலும் அவளுடைய எண்ணை அச்சுக் கட்டையால் ஒரு தட்டு தட்டி வைப்பாள். முப்பத்தொன்று. அந்த எண்ணைப் பார்த்தால் சோதனைக்கு வருகிறவன்கூட டீ குடிக்கப் போய்விடுவான் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவள் புருஷன் அதே அறையில் ஃபிட்டர். குழாயை அறுத்து, வாய் பொருத்தி, ஒட்டுகிற கை நேராகப் போகக் கோடு கிழித்துக் கொடுப்பது அவன். அவன் பொருத்திக் கொடுக்க அவள் ஒட்டுவாள். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே மாடியில், நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் என் மனைவி "என்ன உடைஞ்சுது?" என்று கேட்பாள். அவளை நான் தங்கச்சி என்பேன், அவனை மாப்ள என்பேன். சொந்தம் ஒன்றும் கிடையாது, பழக்கம்தான்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. ஓர் உரத் தொழிற்சாலையில் சூடான அமிலம் போகிற குழாய் ஒட்டுக்குப் பக்கத்தில் பிளந்துவிட்டது. பம்ப் பார்க்கிற ஆள் பக்கத்தில் நின்றிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை தோளிலிருந்து விரல்வரை வெந்துபோயிற்று. பிளந்த துண்டை அறுத்து எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். பிளவுக்கு ஒரு விரல் தள்ளி முப்பத்தொன்று என்று இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் அதற்குப்பிறகு வேலைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். சாயங்காலம் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். துவைத்த துணியெல்லாம் காயாமல் கூடத்துக் கயிற்றில் தொங்கியது, வீடு முழுக்க ஈர வாடை. அவள் சமையலறையில் உட்கார்ந்து ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் டீ ஆடை கட்டிப்போய்க் கிடந்தது.

"வாங்கண்ணா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"வெள்ளிக்கிழமை காலையில கூப்பிட்டிருக்காங்கம்மா. ரெண்டு பேரையும்."

"அவர் எதுக்கு? ஒட்டுனது நான். என் நம்பர்தானே இருக்கு?"

"பொருத்துனவரையும் கேக்கணும்ல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? என் கைதாண்ணா தப்பு. அதைச் சொல்லிட்டு அச்சுக் கட்டையைக் குடுத்துட்டு வந்துடுறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன பேசுற நீ? இத்தனை வருஷத்துல ஒரு ஒட்டு திரும்பி வந்திருக்கா? எக்ஸ்ரே எடுத்தாங்க, சாயம் பூசிப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லன்னுதானே அனுப்புனாங்க? சோதிச்சவன் சும்மா இருக்கான், நீ ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி போய் நிக்குற? மாப்ள, நீயாவது சொல்லு."

அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன்கிட்ட கேட்டதுக்கு அந்த ஜன்னல்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

மறுநாள் அவள் கை வெந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். தனியாகப் போக விடாமல் என் மனைவியும் கூடப் போனாள். திரும்பி வந்த என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போயிருக்கவே கூடாதுங்க."

"ஏன், அந்தாள் திட்டினாரா?"

"திட்டியிருந்தா தேவலையே! யாருன்னு கேட்டாரு. இவளுக்கு வாய் வரல. குழாய் பண்ற பட்டறையில இருந்து வர்றோம்னு நான்தான் சொன்னேன். அதுக்கு அவரு, நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வால்வை மூடியிருக்கணும்மா, நல்ல குழாய் வீணாப்போச்சுங்குறாரு. இவகிட்ட மன்னிப்புக் கேக்குறாருங்க! கையைத் தூக்க முடியல மனுஷனுக்கு. இவ அப்படியே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா."

என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அவர்களுக்கும் சேர்த்து முட்டை வேகவைத்தாள். அன்று பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் பெரிய இன்ஜினியர் ஸ்டோருக்கு வந்தார். வழக்கமாக ஆள் அனுப்புவார், அன்றைக்கு அவரே வந்தார். பிளந்த துண்டை ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டார்களாம். "உலோகம் சரியான உலோகம்தான். கம்பியும் சரி. விரிசலுக்குள்ள கந்தகம் இருக்கு. எதையோ தடவியிருக்காங்க, இல்ல துடைக்காம விட்டிருக்காங்க. உங்க ஸ்டோர்ல இருந்து என்ன போச்சு?" என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்து காட்டினேன். அந்த அறைக்கென்று நான் கொடுப்பது கந்தகம் இல்லாத வெள்ளைப் பேனா, ஊசி மாதிரி ஒல்லியாகக் கோடு விழும். வேறெதுவும் போகவில்லை. அவர் தலையாட்டினார். "அவங்க துடைக்க மறந்துட்டாங்கன்னுதான் முடிவாகும் போல. நல்ல வேலைக்காரி. மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். யார்மேலாவது பழியைப் போட்டால் போதும் என்கிற ரகம் இல்லை.

மனசு பொறுக்காமல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அவள் மடியில் அவனுடைய வேலைச் சட்டையை வைத்துக்கொண்டு பையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமே. இன்ஜினியர் சொன்னதைச் சொன்னேன்.

"கந்தகமா?" என்றாள். கை தேய்ப்பதை நிறுத்தியது.

"துடைக்காம விட்டுட்டன்னு முடிவு பண்ணப்போறாங்கம்மா. நீ துடைச்சியா இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"துடைக்கலண்ணா" என்றாள் உடனே. யோசிக்கவே இல்லை. "மறந்துட்டேன். அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க."

"நீயா? முகம் துடைக்க மறந்தாலும் குழாயைத் துடைக்க மறப்பியா நீ?"

"மறந்துட்டேன்னு சொல்றேன்ல! விடுங்களேன்."

அப்போதுதான் அவன் எழுந்து வந்தான். அவள் மடியிலிருந்து சட்டையை எடுத்தான். பைக்குள் விரலை விட்டு வெளியே இழுத்துக் காட்டினான். துணியில் மஞ்சளாக ஒரு கறை, மெழுகுக் கறை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை அது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரும்புப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற தடி மெழுகுக் கட்டி. பெரிய பெரிய இரும்புத் தகட்டில் கோடு போடுவதற்கு. அதில் கந்தகம் உண்டு, இன்னும் என்ன கண்றாவியெல்லாமோ உண்டு. நிக்கல் அறைப் பக்கமே வரக்கூடாத சாமான்.

"நான்தான் மச்சான்" என்றான். "ஒட்டுற இடத்துக்குப் பக்கத்துல, ஒரு விரல் தள்ளி, இதால கோடு போட்டுக் குடுத்தேன். ஒட்டி முடிச்சப்புறம் நானே துடைச்சுடுவேன். யாருக்கும் தெரியாது."

"உனக்குப் பைத்தியமா? இத்தனை வருஷம் அந்த ரூம்ல இருக்கிறவன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு விரல் தள்ளித்தானே போடுறோம், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"எதுக்குடா போட்ட?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் சோப்புக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் ஊசியில நூல் கோக்க முடியாம என்கிட்ட குடுத்தா" என்றான். "தூக்கம் வருது, நீங்க கோத்துக் குடுங்கன்னா. பட்டப்பகல் மச்சான். அப்புறம் பாத்தா டப்பால இருக்கிற எழுத்தைக் கைய நீட்டி நீட்டிப் படிக்கிறா. அப்படின்னா அந்த வெள்ளைக் கோடு எப்படித் தெரியும்? முகமூடியைப் போட்டுக்கிட்டு குத்துமதிப்பாத்தானே ஒட்டுவா? என்கிட்டகூட சொல்லல. கண்ணாடி போட்ட அன்னிக்கே, அந்த ரூம்ல ஒட்டிக்கிட்டிருந்த பெரியவரை இரும்புப் பக்கம் மாத்திட்டாங்கள்ல, அந்தப் பயம். கண் டெஸ்ட் அட்டையில இருக்கிற எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு ஒப்பிச்சுட்டு வந்திருக்கா. சரி, அவ சொல்ல வேணாம், நானும் கேக்க வேணாம், பளிச்சுன்னு ஒரு கோடு போட்டுக் குடுத்துடுவோம்னு..."

அவன் சட்டையைக் கீழே போட்டான்.

"இத்தனை நாளா அவ என் கை தப்பு என் கை தப்புன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க. என்னை எதால அடிக்கலாம்?"

"கத்தாதீங்க" என்றாள் அவள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கோடு மஞ்சளா தடியா இருந்துச்சே, எனக்குத் தெரியாம இருக்குமா? மொதல் நாளே பாத்தேன். புதுப் பேனா ஏதோ வந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்." சற்று நிறுத்தினாள். "இல்ல, அதுவும் பொய். அப்படி நினைச்சுக்கிட்டா கேக்க வேண்டியதில்லன்னு நினைச்சுக்கிட்டேன். ஓரத்தை மட்டும் துடைப்பேன். கோட்டை விட்டுடுவேன். அழிஞ்சா நான் எதைப் பாத்து ஒட்டுறது?"

"அப்ப ஏன் நீ..." என்றான் அவன்.

"நீங்க போட்டதுன்னு சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. ஏன் போட்டீங்கன்னு கேட்டா என் கண்ணு வெளிய வரும். மறந்துட்டேன்னா என்னோட போயிடும்ல?"

எனக்கு இருவரையும் நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யவில்லை. ஸ்டோர்க்காரன் புத்தி வேறு எங்கேயோ போய்விட்டது.

"மாப்ள, அந்த ஒரு குழாய்க்கு மட்டும்தானே போட்ட?"

அவன் நிமிர்ந்தான். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

நான் அனுப்பிய சரக்குகள் எனக்கு மனப்பாடம். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற நிலையத்துக்கு ஒரு தொகுதி போயிருக்கிறது. காகித ஆலையில் கூழை வெளுக்கிற இடத்துக்கு ஒன்று. புகைபோக்கிப் புகையைக் கழுவுகிற கோபுரத்துக்கு வளைவுகள். அதே உரத் தொழிற்சாலைக்கே இன்னொரு குழாய்ச் சுருள், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"அந்தச் சுருள் எங்க இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"அந்தப் பம்ப் ரூம்லதான். வேற ஆள் இப்ப டியூட்டி பாப்பான்."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். ஈரச் சட்டையை எடுத்து உதறினாள்.

"காயாட்டி பரவால்ல, போட்டுக்குங்க" என்று அவனிடம் நீட்டினாள். "நாளைக்கு வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே போலாம்."

பட்டறை மூடுகிற நேரத்துக்கு மூவரும் போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை விசாரணை வியாழக்கிழமை சாயங்காலமே, இன்ஜினியர் அறையில் நின்றபடியே நடந்து முடிந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஈரச் சட்டையின் பையை வெளியே இழுத்துக் கறையைக் காட்டினான். இன்ஜினியர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் போன் போடச் சொல்லிவிட்டு, "எப்ப இருந்து கோடு போடுறீங்க?" என்று கேட்டார்.

"போன வெயில் காலத்துல இருந்து சார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "கண் எப்ப இருந்தும்மா தெரியல?"

புருஷன் எதிரில் அவள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. "அதுக்கும் முந்தின வெயில் காலம் சார்" என்றாள். "நடுவுல ஒரு வருஷம் கோடு இல்லாமத்தான் ஒட்டினேன். குத்துமதிப்பா. அதையும் பாத்துடுங்க."

அவன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு வருஷம் அவனுக்குத் தெரியாது.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார் இன்ஜினியர்.

"போட்டா நிக்கல் ரூம் கிடையாதுன்னு..."

"யாரு சொன்னது? அந்தப் பெரியவரா? அவருக்கு முதுகு வலி, குனிஞ்சு வேலை பாக்க முடியலன்னு அவரேதாம்மா மாத்திக் கேட்டாரு."

வெளியே யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள், பட்டறை அடங்கியது.

குழாய்களையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்தார்கள். கோடு இல்லாமல் ஒட்டிய அந்த ஒரு வருஷத்து ஒட்டுகள் ஒன்றில்கூடக் குறையில்லை. கண் தெரியாமலே கை பார்த்து ஒட்டியிருக்கிறது. மஞ்சள் கோடு போட்டவற்றில் இரண்டில் விரிசல் ஓடியிருந்தது. ஒன்று அந்தப் பம்ப் ரூம் சுருள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அங்கே நின்ற ஆளுக்கும் அதே கதிதான். கோடே போடாமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவனுக்குக் கணக்குத் தெரியும்.

அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் தானாகவே நின்றுவிட்டாள். இன்ஜினியர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. பம்ப் பார்த்த ஆளுக்குக் கை பாதிதான் மடங்குகிறதாம். அவர் வீட்டுக்கு இருவரும் ஒருநாள் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, என் மனைவிகூடக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெகு நாள் பேச்சுக் குரலே இல்லாமல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவள் தன் முகமூடி, கையுறை, அச்சுக் கட்டை எல்லாவற்றையும் ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், கடையில் தொங்குகிற சாதாரணக் கண்ணாடி. அவன் வெளியே மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான். முகமூடியை வைக்க நான் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். அங்கே கிடந்த சின்ன அட்டைப்பெட்டிகளில் ஒன்று சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

"இது என்னண்ணா?"

"அதுவா? புது முகமூடி வாங்குனா ஒவ்வொண்ணுக்கும் கூடவே வரும். உள்ள சொருகிக்கிட்டா பெருசாக் காட்டும். யாரும் கேக்குறதில்ல, அதான் சேத்து வச்சிருக்கேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பெட்டியிலிருந்த வில்லையை முகமூடிக்குள் சொருகி, கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு முகத்தில் மாட்டினாள். மேஜைமேல் கிடந்த ஒரு மிச்சத் துண்டுக் குழாயை எடுத்துக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் வெள்ளைப் பேனாக் கோடு ஒன்று இருந்தது.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுண்ணா" என்றாள். குழாயை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத் தெரியுது."

வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வில்லையைக் கழற்றி, அதில் பட்ட விரல் ரேகையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடி என்னிடம் கொடுத்தாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா."

வாசல்வரை கூடப் போனேன். அவன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான்.

"என்ன மச்சான், எல்லாம் ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சு மாப்ள" என்றேன்.